நிலைத்தது என்னும் முத்திரை

லொபேட்டியின் எடை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எங்கள் மாங்கெரே புறநகரில் யாரும் ஆசைப்பட்டதில்லை. அவன் பெரிய ஆள், அவ்வளவுதான். தேவாலயத்தில் அவன் அடிக்குரல் எடுத்துப் பாடினால் பின்வரிசை பெஞ்சுகள் அதிரும். பேருந்து ஓட்டுநர். நானும் அவனும் ஒரே டிப்போ. இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவான். அடுத்து வண்டி எடுப்பவன் பெடல் எட்டாமல் திட்டிக்கொண்டே முன்னுக்கு இழுப்பான். அவன் உடம்பால் உலகத்துக்கு நேர்ந்த தொந்தரவு அது ஒன்றுதான்.

அந்த உடம்பைப் பற்றி ஒரு கோப்பு திறக்கப்பட்டது அவன் அக்காவால்.

கலோலைனே அவனைவிட ஐந்து வயது மூத்தவள். முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். வாய் கொஞ்சம் துடுக்கு. கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் சியு. கலோலைனே, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, இரண்டு வருஷமாகத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்தாள். மகளின் ரத்தம் பொருந்தவில்லை. தம்பியின் ரத்தம் பொருந்தியது.

டோங்காத் தீவுக்காரர்களான எங்களுக்குள் அக்கா என்றால் வீட்டில் எல்லோருக்கும் மேலே. விளைச்சலில் முதல் கிழங்கு அவளுக்கு. தம்பி வயசுக்கு வந்த பிறகு அவள் இருக்கும் அறையில் உட்கார மாட்டான், அவள் பொருளைத் தொட மாட்டான், அவள் எதிரே உடம்பைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டான். அது வெறுப்பில்லை, மரியாதை. ஆகவே சிறுநீரகம் கொடுப்பதாக லொபேட்டி சொன்னதும் அவன் மனைவி லோசா மூலமாகத்தான்.

"அக்காகிட்ட சொல்லு. என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு எடுத்துக்கட்டும்."

லோசா போய்ச் சொன்னாள். கலோலைனே கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாளாம். பிறகு, "அவன் சைசுக்கு அது பூசணிக்காய் மாதிரி இருக்குமேடி, எனக்குள்ள எங்க வைப்பாங்க?" என்றாளாம்.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சை டாக்டர் ஆர்மிடேஜ் நல்ல பெண்மணி. படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார், இதயம் பார்த்தார். "எல்லாம் அருமையா இருக்கு. எடை மட்டும் நூத்தி முப்பத்திரண்டு. இவ்வளவு எடையோட கத்தி வெச்சா உங்களுக்கு ஆபத்து, மிச்சம் இருக்கிற ஒரு சிறுநீரகத்துக்கும் பாரம். நூத்தி பதின்மூணுக்கு வாங்க. அடுத்த மாசமே செய்யலாம்," என்றார்.

லொபேட்டி சந்தோஷமாக எழுந்தான். பத்தொன்பது கிலோ. தூக்கிப் பழகிய எடைதான்.

"ஒண்ணு," என்றார் டாக்டர். "அதை நிலைத்த நலவாழ்வு நிலையம் மூலமா செய்யணும். அவங்க முத்திரை போட்டாத்தான் கம்ப்யூட்டர் என்னை அடுத்த பக்கத்துக்கு விடும்."

நிலைத்த நலவாழ்வு நிலையம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனிக் கட்டடம். வரவேற்பறை நாற்காலிகளுக்கெல்லாம் கைப்பிடி இருந்தது. லொபேட்டி ஒன்றில் இறங்கிப் பார்த்தான், பாதியில் நின்றது. எழுந்து சுவரோரம் நின்றான். அவனுக்குப் பின் வந்த இரண்டு பேரும் நின்றார்கள். நாற்பது நிமிஷம். எடை குறைக்க வந்தவர்களில் ஒருவராலும் உட்கார முடியாத அந்த நாற்காலிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

ரோவெனா என்ற பெண் சிரித்த முகமாக வந்து அழைத்தாள். அவள் சட்டையில் 'பயணத் தோழி' என்று அட்டை குத்தியிருந்தது.

"உங்க பயணத்துக்கு நல்வரவு லொபேட்டி! இங்க நோயாளின்னு யாரும் கிடையாது. எல்லாரும் பயணிகள்."

"நான் டிரைவர்ங்க," என்றான் லொபேட்டி.

எடைப்பொறியில் ஏறச் சொன்னாள். அது 'பிழை' என்று காட்டியது. செருப்பைக் கழற்றச் சொன்னாள். பிழை. பெல்ட், போன், சாவிக்கொத்து. பிழை.

"இது நூத்தி முப்பது வரைக்கும்தான் காட்டும்," என்றாள் ரோவெனா வருத்தத்தோடு.

"அதுக்கு மேல இருக்கறவங்க வந்தா?"

"முக்கால்வாசிப் பேரு அதுக்கு மேலதான் வர்றாங்க. பெரிய பொறி கேட்டு எழுதியிருக்கோம்."

"டாக்டரம்மா எடுத்த எடை இருக்கே?"

"அது அவங்க பொறி. நம்ம பயணத்துக்கு நம்ம பொறியில ஆரம்ப எடை பதிவாகணும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு, ரெண்டரை கிலோ குறைச்சுட்டு வந்துடுங்க. எப்படிக் குறைக்கிறதுன்னு நாங்க சொல்லிக்கொடுத்துடுறோம்."

அந்த இரண்டரை கிலோவை லோசா சொல்லிக்கொடுத்தாள். அவள் எந்தப் புத்தகமும் படித்தவள் அல்ல. முதல் நாளே வீட்டிலிருந்த பெரிய முட்டைவடிவத் தட்டை அலமாரியின் மேல் ஏற்றிவிட்டு, சின்னத் தட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். ஐந்து துண்டு சேப்பங்கிழங்கு இரண்டானது. கீரை இரண்டு மடங்கானது. ஆட்டு வயிற்றுக் கொழுப்புத் துண்டு போய் ஓட்டாஹுஹு சந்தையின் மீன் வந்தது. சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்டெடுக்கும் லூ ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் உண்டு.

"பட்டினி போட மாட்டேன்," என்றாள் என்னிடம். "பட்டினி போட்டா ரெண்டாவது வாரம் அடுப்பையும் சேர்த்துத் தின்னுடுவான். பத்து வருஷம் கழிச்சும் இவனால சாப்பிட முடியற சாப்பாடா இருக்கணும். இல்லாட்டி எதுக்கு?"

டிப்போவிலிருந்து வீடு நாலு கிலோமீட்டர். வழக்கமாக என் காரில் வருவான். இப்போது நடந்தான். முதல் வாரம் எனக்குப் பாவமாக இருந்ததால் அவன் பக்கத்திலேயே காரை ஊர விட்டுப் பேச்சுக் கொடுத்தேன்.

"போடா அந்தப் பக்கம். உன் புகையிலயே ஒரு கிலோ ஏறிடும்," என்று விரட்டினான்.

ஆறு வாரத்தில் நூற்று இருபத்தொன்பதரை. பொறி எண்ணைக் காட்டியது. ரோவெனா கைதட்டினாள். அதுதான் ஆரம்ப எடை என்று பதிவானது. அதற்கு முன் குறைந்த இரண்டரை கிலோ நிலையத்துக்கு வெளியே குறைந்ததால் அது குறையவே இல்லை.

பன்னிரண்டு வாரப் பயிற்சியின் தொடக்க விழாவில் நிலைய இயக்குநர் ரின்டூல் பேசினார். ஒல்லியான, உயரமான மனிதர். லொபேட்டியைக் காரில் கொண்டுவந்து விட்டவன் என்பதால் என்னையும் உட்காரச் சொன்னார்கள். நின்றவர்களுக்கு நடுவில் எனக்கு மட்டும் நாற்காலி பொருந்தியது.

"நண்பர்களே, எடையைக் குறைப்பது எளிது," என்று தொடங்கினார். "அதை ஒரு காய்ச்சல்கூடச் செய்துவிடும். அதை ஆவணப்படுத்துவதுதான் கடினம். நாங்கள் தொடங்கியபோது இந்த நிலையத்தில் ஓர் எடைப்பொறியும் மூன்று ஊழியர்களும் இருந்தோம். பெருமையோடு சொல்கிறேன், இன்று அதே எடைப்பொறியும் நாற்பத்தொரு ஊழியர்களும் இருக்கிறோம். எங்கள் வெற்றி விகிதம் தொண்ணூற்று நான்கு சதவீதம். வெற்றி பெறாதவர்களை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் அவர்கள் மனம் புண்படும்."

வாரா வாரம் வகுப்பு. மேசை மேல் பிளாஸ்டிக்கில் செய்த காய்கறி, மீன், ரொட்டி. பசிபிக் மக்களுக்கான சிறப்பு வகுப்பு என்பதால் பிளாஸ்டிக் உருளைக்கிழங்கு ஒன்றுக்கு ஊதா வண்ணம் அடித்து, சேப்பங்கிழங்கு என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஒரு வாரம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'மனத்துயரம் வரும்போது சாப்பிடுவீர்களா?' என்று ஒரு கேள்வி.

"யாருக்குத் துயரம் வரும்போது?" என்று கேட்டான் லொபேட்டி.

"உங்களுக்குத்தான்."

"எனக்குன்னு தனியா எப்படி வரும்? தெருவுல ஒருத்தருக்கு வந்தா எல்லாரும் சமைப்போம், எல்லாரும் சாப்பிடுவோம்."

அதற்குக் கட்டம் இல்லாததால் 'பதிலளிக்க மறுத்தார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் வாரம் அவன் எடை நூற்று இருபத்து நான்கு. லோசா கிழங்கைக் குறைத்த அளவுக்குச் சரியாக, வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. நிலையம் ரொம்ப மகிழ்ந்தது. ஒரு புகைப்படக்காரர் வந்தார். 'பின்' படம் எடுத்தாயிற்று. 'முன்' படம் இல்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, வயிற்றைத் தள்ளி, சோகமாக நிற்கச் சொல்லி அதையும் அன்றைக்கே எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'மெல்லச் செல், நிலைத்து நில்' என்று எழுதி, எங்கள் டிப்போவின் பேருந்துகளுக்குப் பின்னால் ஒட்டினார்கள். ஒட்டிய வண்டிகளில் ஒன்றை லொபேட்டியே ஓட்டினான்.

"என்னப்பா, இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு. மெல்லத்தான் செல்வியா?" என்று ஏறுகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். "மெல்லப் போறது நான், பஸ் இல்ல," என்பான்.

கலோலைனே அந்தப் படத்தை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். லோசாவிடம் சொன்னாளாம்: "வெள்ளிக்கிழமை கீழ ஒரு பஸ் நின்னுச்சு. பின்னாடி தம்பி மூஞ்சி. சிக்னல் சிவப்பா இருந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷத்துல அவன் மூஞ்சிய இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லடி. காது ஓரமெல்லாம் நரைச்சுப்போச்சு அவனுக்கு."

பயிற்சி பன்னிரண்டு வாரத்தோடு முடிந்துவிட்டது. இன்னும் பதினொரு கிலோ பாக்கி. மறுபடி சேர மறுபடி டாக்டர் கடிதம் வேண்டும், மறுபடி வரிசை. ஒன்பது வாரம் காத்திருந்தான். காத்திருந்தபோதும் சின்னத் தட்டு, கீரை, நடை. இரண்டு கிலோ இறங்கியது.

அந்த நேரத்தில்தான் கலோலைனேயின் கையில் ஊசி ஏற்றுவதற்காகச் செய்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இன்னொரு கையில் முயன்றார்கள். அதுவும் நிற்கவில்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, கிருமி ஏறும் என்று டாக்டர் ஆர்மிடேஜ் லோசாவிடம் சொன்னார்.

லொபேட்டி அன்றிலிருந்து சாப்பிடவில்லை. காலையில் தண்ணீர், மத்தியானம் ஓர் ஆப்பிள். பத்து நாள். பதினோராம் நாள் டிப்போவில் படியிறங்கும்போது தள்ளாடினான், நான்தான் பிடித்தேன்.

"வாரத்துக்கு அரைக் கிலோவெல்லாம் அக்காவுக்குப் போதாதுடா," என்றான்.

லோசா அன்று போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. "ஏ மனுஷா! நீ பஸ்ஸுக்குள்ள விழுந்து செத்தா அந்தம்மா உன் கிட்னிய எங்க போய்த் தேடும்? சாப்பிடு! ரெண்டு துண்டு சாப்பிடு!"

அந்தப் பத்து நாளில் ஐந்து கிலோ இறங்கியிருந்தது. நிலையத்துப் பொறியில் அவன் ஏறியதும் கணினியில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'நிலையற்ற வேகம்.' அவன் பாதுகாப்பைக் கருதி நான்கு வாரம் இடைநீக்கம் செய்தார்கள். ஏன் இப்படிச் செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கான கேள்வித்தாள் பயிற்சியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

அந்த நான்கு வாரத்தில் மூன்று கிலோ திரும்ப ஏறியது. லோசா மறுபடி சின்னத் தட்டை வைத்தாள். அவனும் மறுபடி நடந்தான். மழைக்காலம். நனைந்துகொண்டே, வாய்க்குள் பாடிக்கொண்டே போவான். பேருந்தில் அவனைக் கடக்கும்போது நான் ஹாரன் அடிப்பேன். திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்குவான்.

தொடங்கிப் பதினான்காவது மாதம் பொறி நூற்றுப் பதின்மூன்று காட்டியது. பொறியிலிருந்து இறங்காமலேயே கேட்டான்: "இப்ப முத்திரை போடுவீங்களா?"

ரோவெனா சிரித்த முகமாகவே இருந்தாள், ஆனால் கண் வேறெங்கோ பார்த்தது. "'அடைந்தார்' முத்திரை இன்னைக்கே போட்டுடலாம் லொபேட்டி. ஆனா மாற்றுச் சிகிச்சைக்கு 'நிலைத்தது' முத்திரைதான் செல்லும். அது பன்னிரண்டு மாசம் இதே எடை நின்னா."

"பன்னிரண்டு வாரமா?"

"மாசம்."

டாக்டர் ஆர்மிடேஜே நேரில் வந்து சண்டை போட்டார். லொபேட்டியும் நானும் ரின்டூலின் அறை வாசலில் நின்று கேட்டோம்.

"எனக்குப் பன்னிரண்டு மாசம் வேண்டாம் ரின்டூல். அறுவை மேசைமேல ஏறும்போது அவருக்கு நூத்தி பதின்மூணு இருந்தா எனக்குப் போதும். அந்தம்மாவுக்குக் கழுத்துக் குழாய்ல ஓடுது."

"டாக்டர், உங்கள் உணர்வை மதிக்கிறேன்," என்றார் ரின்டூல். "ஆனால் எங்கள் பெயர்ப்பலகையின் முதல் சொல்லே 'நிலைத்த' என்பதுதான். ஒருவர் எடை நிலைக்கும் முன் அவரை வெளியே அனுப்பி, பிறகு அவர் எடை ஏறினால், எங்கள் தொண்ணூற்று நான்கு தொண்ணூற்று மூன்றாகிவிடும். ஓர் உயிரைப் பார்க்கிறீர்கள் நீங்கள். நான் ஒரு சதவீதத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் எத்தனையோ உயிர்கள் அடங்கியிருக்கின்றன."

எத்தனை என்று டாக்டர் கேட்டார். அதைப் பார்த்துச் சொல்வதாக ரின்டூல் சொன்னார்.

காத்திருக்கும் காலம் வீணாகக் கூடாது என்று நிலையம் அந்த மாதங்களை நிரப்பியது. மூன்றாம் மாதம் 'குடும்ப இணக்க அமர்வு'. கொடுப்பவரை யாரும் வற்புறுத்தவில்லை என்று உறுதி செய்ய, கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணோடு கண் பார்த்து, உடம்பைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டும். லோசா விளக்கிச் சொன்னாள்: எங்களில் அப்படிக் கிடையாது. ரோவெனா கேட்டுக்கொண்டாள், பண்பாட்டை மதிப்பதாகச் சொன்னாள், பிறகு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள்.

நான் எல்லோரையும் காரில் கூட்டிப்போயிருந்தேன். கலோலைனேயைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிப் போனார்கள். லொபேட்டி வாசல்வரை வந்தான். அக்கா உள்ளே இருப்பதைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்து நடைபாதையில் என் பக்கத்தில் நின்றான். கதவு பாதி திறந்திருந்தது.

"லொபேட்டி உள்ள வரலைன்னா, அவருக்கு இதுல முழுச் சம்மதம் இல்லைன்னு நாங்க எடுத்துக்க வேண்டியிருக்கும்," என்ற ரோவெனாவின் குரல் கேட்டது.

கலோலைனேயின் குரல் மெலிந்திருந்தது. ஆனால் துடுக்கு போகவில்லை. "ஏம்மா, உனக்குத் தம்பி இருக்கானா?"

"இருக்கான். கிறைஸ்ட்சர்ச்சில."

"ஒரே ரூம்ல உட்கார்ந்து பேசுவீங்களா?"

"பேசுவோம். அதாவது, ரெண்டு மூணு வருஷமா பேச்சில்ல."

"என் தம்பி பன்னிரண்டு வயசுல இருந்து நான் இருக்கிற ரூமுக்குள்ள வந்ததில்ல. அவன் முதல் சம்பளத்துல வாங்கின மீனு என் வாசல்ல இருந்துச்சு. புருஷன் செத்தப்ப ஒரு வருஷம் என் வீட்டுப் புல்லு தானா வெட்டிக்கிச்சு, யார் வெட்டினதுன்னு நான் கேட்டதில்ல, அவன் சொன்னதுமில்ல. மழையில நாலு கிலோமீட்டர் நடக்கறான்னு அவன் பொண்டாட்டிதான் சொல்றா. இப்ப நீ அவன என் மூஞ்சியப் பார்க்க வெச்சு, உனக்கு என் மேல பிரியமான்னு என்னக் கேக்கச் சொல்ற. அவன் வெட்கத்துல செத்துருவாம்மா. நான் அதுக்கு முன்னாடி செத்துருவேன்."

நடைபாதையில் லொபேட்டி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அங்கே தீயணைப்பு வழிகாட்டும் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. அதை ரொம்ப நேரம் படித்தான்.

ரோவெனா வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. ஆனால் அவளிடம் இருந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள். 'ஒரே அறையில் அமர்ந்தனர்.' 'அமரவில்லை.' இரண்டாவதில் குறியிட்டாள். கணினி அதைப் படித்துவிட்டு, சகோதர உறவில் இடைவெளி இருப்பதாகக் கண்டுபிடித்து, ஆறு உறவு வளர்ப்பு அமர்வுகளைப் பரிந்துரைத்தது.

ஏழாம் மாதம் ஒரு புதன்கிழமை காலை கலோலைனேக்குக் குளிர் வந்து உடம்பு தூக்கிப்போட்டது. கழுத்துக் குழாயில் கிருமி. வியாழன் முழுக்க லொபேட்டி தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வெளியே நின்றான். உள்ளே போகலாம் என்று டாக்டர் ஆர்மிடேஜ் சொன்னார். அவன் தலையசைத்து மறுத்தான். மாலை லோசா உள்ளேயிருந்து வந்தாள்.

"அக்கா முழிச்சாங்க. நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொன்னாங்க."

"சாப்பிட்டேன்னு சொல்லு," என்றான். காலையிலிருந்து அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அவள் இயந்திரத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

நான்கு நாள் துக்கம். எங்கள் வழக்கப்படி அக்காவின் உடல் இருந்த அறைக்குத் தம்பி போகவில்லை. துக்கத்துக்குக் கட்டும் கந்தலான பெரிய பாயை நெஞ்சுவரை சுற்றிக் கட்டிக்கொண்டு கொல்லையில் அடுப்புப் பக்கமே நின்றான். பன்றி வந்தது, மாடு வந்தது, மூட்டை மூட்டையாகக் கிழங்கு வந்தது. வந்த நூற்றுக்கணக்கான பேருக்கும் அவன் வெட்டினான், சுட்டான், பரிமாற அனுப்பினான். உள்ளே பாட்டு நடந்தது. அவன் குரல் இல்லாததால் பாட்டு காலில்லாமல் நிற்பதுபோல் இருந்தது. கடைசி நாள் மத்தியானம் எல்லோரும் உண்ட பிறகு, அவன் ஒரு சின்னத் தட்டில் இரண்டு துண்டு கிழங்கும் கீரையும் வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

"இனிமே எதுக்கு மனுஷா?" என்று லோசா மெதுவாகக் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

அவன் தட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

அடுத்த ஐந்து மாதமும் அப்படியே. காரில் ஏறு என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். நடந்தான். மாதா மாதம் நிலையத்துக்குப் போய்ப் பொறியில் ஏறினான். அக்கா இறந்ததை முதல் மாதமே அவன் ரோவெனாவிடம் சொன்னான். அவள் அழுதுவிட்டு, கணினியில் பதிய இடம் தேடினாள். கொடுப்பவரின் கோப்பில் பெறுபவரின் மரணத்துக்கு இடம் இல்லை. அது வேறு துறை.

பன்னிரண்டாம் மாதம் விழா. இந்தத் தடவை கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று இருந்தது, மேடையில், ரின்டூலுக்கு. லொபேட்டி தேவாலயத்துக்கு உடுத்தும் உடுப்பில், கறுப்புச் சட்டையும் துக்கப் பாயுமாக வந்தான். பண்பாட்டு உடையில் வந்ததற்கு ரின்டூல் நன்றி சொன்னார்.

"இதோ நிற்கிறார் நம் நிலையத்தின் மனிதர். பன்னிரண்டு மாதம், ஒரு கிலோ ஏறவில்லை! தொண்ணூற்று நான்கு இன்று தொண்ணூற்று ஐந்தாகிறது." முத்திரையை ஊதி, அழுத்தி, 'நிலைத்தது' என்று பதித்துச் சான்றிதழைக் கொடுத்தார். பிறகு ஒலிவாங்கியை நீட்டினார். "எப்படி முடிந்தது லொபேட்டி? ரகசியத்தைச் சொல்லுங்கள்."

லொபேட்டி அதைக் கையில் வாங்கவில்லை. குனிந்து பேசினான்.

"அது எங்க அக்காவுக்குன்னு எடுத்து வெச்சது. அவங்க இல்லைங்கறதுக்காக நான் எப்படி எடுத்துத் திங்கிறது?"

 ரின்டூலின் முகம் மலர்ந்தது. "எடுத்து வைத்ததைத் தொடாதே! எவ்வளவு எளிய உணவுக் கட்டுப்பாடு!" என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ரோவெனா மட்டும் தட்டவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து லோசா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சியுவும் வந்திருந்தாள். எங்களுக்கு ஞாயிறு வேலை கிடையாது, கணினிக்கு உண்டு. சியுவின் பையில் ஒரு போன் ஒலித்தது. அவளுடையது இல்லை. அம்மாவின் போனை அவள் தினமும் சார்ஜ் போட்டுக் கூடவே வைத்திருந்தாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

எடுத்துப் பார்த்தவள் சத்தமாகப் படித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"மதிப்புக்குரிய கலோலைனே, நல்ல செய்தி. உங்களுக்குச் சிறுநீரகம் கொடுப்பவர் தகுதி பெற்றுவிட்டார். அறுவைச் சிகிச்சை நாள், அடுத்த செவ்வாய்க்கிழமை. சம்மதம் என்றால் ஒன்றை அழுத்தவும். நாளை மாற்ற வேண்டும் என்றால் இரண்டை அழுத்தவும்."

 லோசா வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவதாக ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்டேன். இல்லை என்றாள் சியு. போனை மாமாவிடம் நீட்டினாள். லொபேட்டி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அக்காவின் பொருளை அவன் தொட மாட்டான்.

"மாமா, இதுக்கு என்ன அனுப்பட்டும்?" என்றாள் சியு. கண்ணீர் அவள் தாடையிலிருந்து சொட்டியது. "அப்படியே விட்டுடவா?"

"விடக் கூடாது. கேட்டா பதில் சொல்லணும்," என்றான் லொபேட்டி. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"ரெண்ட அழுத்தும்மா. நாள மாத்தச் சொல்லு. எப்பன்னு கேட்டாங்கன்னா, அக்கா எப்ப சொல்றாங்களோ அப்ப, நான் தயாரா இருக்கேன்னு சொல்லு."